சேர்க்காத கம்பி

ஜெனோவாவிடம் சிங்கராயர் எட்டு மாதங்கள் எலெக்ட்ரிக் கிடார் செய்யக் கற்றார். கற்றுக்கொடுத்தவளுக்கு முப்பத்திரண்டு வயது. கற்றவருக்கு ஐம்பத்து மூன்று.

தூத்துக்குடியில் அவள் வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட் இருந்தது. கார் இல்லை. சுவரில் கிடார்க் கழுத்துகள் வரிசையாகத் தொங்கின. உடல்கள் தரையில் அடுக்கியிருந்தன. முதல் நாள் உள்ளே வந்த சிங்கராயர் சுற்றிலும் பார்த்தார்.

"என்னம்மா, ஆஸ்பத்திரியில பொணம் அறுக்கிற ரூம் மாதிரில்லா இருக்கு?"

"இங்க செத்தது எதுவும் கிடையாது அண்ணாச்சி. எல்லாம் இன்னும் பொறக்காதது."

அன்றே அவளை மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் அது கேலிதான். பிறகு எப்போது கேலி போனது என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

அவர் ஒரு ஐஸ் கம்பெனியில் வயர்மேன். ஒரே மகள் ரெனிட்டா மாதா கோயில் பாடகர் குழுவில் கிடார் வாசித்தாள். இரவல் கிடார். சென்னையில் ஒரு இசைக்குழு அவளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அவளுக்கென்று ஒன்றைத் தன் கையாலேயே செய்து அனுப்ப வேண்டும் என்று வந்திருந்தார்.

"கடையில நல்லதா கிடைக்குமே அண்ணாச்சி" என்றாள் ஜெனோவா.

"கடையில வாங்கினா உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுல்லா."

அவள் ஒரு பூவரசங்கட்டையை எடுத்து அவர் முன் வைத்தாள்.

ஞாயிறுதோறும் வந்தார். வரைந்தார், அறுத்தார், குடைந்தார். கை நடுங்காத மனிதர். ஆனால் தேய்ப்பதில் அவருக்கு அவசரம் இருந்தது. உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

"போதுமா மேஸ்திரி?"

"கண்ணை மூடிட்டுத் தடவிப் பாருங்க."

தடவிப் பார்ப்பார்.

"இந்த இடுப்புக்கிட்ட கை லேசா நிக்குது."

"அப்பம் தேயுங்க."

நிறத்தை ரெனிட்டா தேர்ந்தெடுத்தாள். கத்தரிப்பூ நிறம். அவர் வெள்ளைதான் நல்லது என்று இரண்டு வாரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது வாரம் கத்தரிப்பூ நிறத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் பதினொரு கோட்டிங் லாக்கர் வார்னிஷ். ஒவ்வொன்றும் காய்ந்ததும் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்க வேண்டும். வீட்டில் அவர் மனைவி, "மனுஷனைத் தொட்டா கை ஒட்டுது" என்று அலுத்துக்கொண்டாளாம். அதை ஷெட்டில் வந்து சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பதினொன்றாவது கோட்டிங்கையும் தேய்த்துப் பளபளப்பாக்கிய அன்று ஜெனோவா கிடாரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தன் பழைய தாவணியில் ஒரு துண்டைக் கிழித்து அதற்குப் போர்த்திவிட்டாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

வயரிங்கை மட்டும் அவர் ஷெட்டில் செய்யவில்லை.

"இதுல நான் மேஸ்திரி" என்று சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

*

கடைசி ஞாயிறு. பூசை முடிந்ததும் நேராக ஷெட்டுக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை ரெனிட்டாவுக்குச் சென்னை ரயில். நான்கு மணிக்குக் கிடாரை எடுத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தாள்.

ஜெனோவா கிடாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகி சுவிட்சைப் போட்டாள்.

கிடார் இரைந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே போய் நின்றதுபோல ஒரு சத்தம். அவள் கம்பிகளின் மேல் கையை வைத்தாள். இரைச்சல் குறையவில்லை. கையை எடுத்தாள். அப்போதும் அப்படியே இருந்தது.

"வயரைச் சோதிச்சீயளா?"

"நாலு தடவை பிரிச்சு மாட்டியாச்சு மேஸ்திரி. செம்புத்தாள் வாங்கி உள்ளுக்குள்ள முழுக்க ஒட்டிட்டேன். போக மாட்டேங்குது."

அவள் பின்பக்க மூடியைக் கழற்றினாள். உள்ளே குழி முழுவதும் செம்பு தகதகத்தது.

"கோயில் பீடத்து நற்கருணைப் பேழை மாதிரில்லா இருக்கு" என்றாள்.

சிங்கராயர் சிரிக்கவில்லை.

அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஈயம் பற்றவைத்த இடங்கள் ஒவ்வொன்றும் மிளகு அளவில், உருண்டையாக, சுத்தமாக இருந்தன. பிறகு வெளிச்சத்தை ஒரு மூலையில் நிறுத்தினாள். கம்பிகள் வந்து ஊன்றும் இரும்புத் தகட்டுக்கு அடியிலிருந்து இந்தக் குழிக்கு ஒரு சின்னத் துளை வரும். அதன் வழியாக ஒரு கம்பி வந்து எர்த்தோடு சேர வேண்டும். துளை இருந்தது. கம்பி இல்லை.

"இந்தத் துளையை எதுக்குப் போட்டோம் அண்ணாச்சி?"

"மறந்துட்டேன் போல."

"முப்பது வருஷ வயர்மேன் எர்த் கம்பியை மறந்தீயளாக்கும்?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்தார். மறுபடி பையில் போட்டார்.

"பிள்ள தொடுற இடம்லா மேஸ்திரி."

"அதுக்கு?"

"அதுல போயி கரண்ட்டோட சம்பந்தப்பட்ட கம்பியை எப்படிச் சேர்க்க?"

"அது எர்த்து."

"எர்த் கெட்டுப்போனா எர்த்தே லைன் ஆயிரும். எனக்குத் தெரியும்."

ஜெனோவா ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். அவர் சொல்லட்டும் என்று இருந்தாள்.

"கம்பெனியில ஐஸ் உடைக்கிற மெஷின். எர்த் இல்லாமயா இருந்துச்சு? நான்தான் குழி வெட்டினேன். கரியும் உப்பும் போட்டுக் கம்பி எறக்கினதும் நான்தான். கோடையில குழி காஞ்சுரும். வாரத்துக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்தணும். அந்த மாசம் ஊத்தல."

"மெஷினைத் தொட்ட ஆளு?"

"இருக்கான். கஸ்பார்னு பேரு. ரெண்டு விரலு மடங்காது. என்னை எங்க பார்த்தாலும் அந்தக் கையைத் தூக்கித்தான் 'அண்ணாச்சி'ம்பான். என் மேல கோவமே கிடையாது அவனுக்கு. திட்டினான்னாக்கூட நல்லா இருக்கும்."

வெளியே தெருவில் ஐஸ்க்ரீம் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"இவ எந்தெந்த ஊருக்குப் போவாளோ. எந்தெந்த மேடையில ஏறுவாளோ. அங்கயெல்லாம் குழி ஈரமா இருக்கான்னு யாரு பாக்கது? சொல்லுங்க மேஸ்திரி."

அவள் கையிலிருந்த டார்ச்சை அணைத்தாள்.

"கம்பி சேர்க்காமயே குடுத்துவிடலாம்" என்றாள்.

"விடலாமா?"

"இரையும். அவ்வளவுதான்."

"இரைஞ்சா வாசிப்பாளா?"

"உங்களுக்காகக் கொஞ்ச நாள் வாசிப்பா. அப்புறம் அங்கன வேற கிடார் கிடைக்கும். அதுல கம்பி சேர்த்திருக்கும்."

சிங்கராயர் கிடாரைப் பார்த்தார். மூடி கழன்று கவிழ்ந்து கிடந்தது. கத்தரிப்பூ நிறத்தில் ட்யூப்லைட் தெரிந்தது. எழுந்து போய்ப் பற்றவைக்கும் கோலின் சுவிட்சைப் போட்டார். அது சூடாகும்வரை நின்றார். சூடான பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

*

ரெனிட்டா சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே வந்துவிட்டாள். ஸ்கூட்டியைக் கேட்டருகே நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடு உள்ளே ஓடி வந்தாள்.

"அக்கா, முடிஞ்சிட்டா? அப்பா, இது என்ன, ஆபரேஷன் பண்ணிட்டு இருக்கீய?"

"ஒரு கம்பி பாக்கி" என்றாள் ஜெனோவா.

"என்ன கம்பி?"

ஜெனோவா சிங்கராயரைப் பார்த்தாள். சிங்கராயர் ஜெனோவாவைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க மேஸ்திரி."

"என் கிடாரா அது? உங்க கிடாரு."

அவர் மகளிடம் சொன்னார். சொல்லத் தெரியாமல் சுற்றி வளைத்துச் சொன்னார். எர்த் குழி, கோடை, கஸ்பாரின் விரல்கள். கஸ்பார் மாமாவின் விரல் எதனால் அப்படி ஆனது என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கரண்ட் அடிச்சிரும்னு பயப்படுதீய."

"ஆமா மக்கா."

"நம்ம கோயில் மைக்கு எத்தனை தடவை அடிச்சிருக்கு தெரியுமா?"

"என்னது?"

"கிடாரைப் பிடிச்சுக்கிட்டே பாடுவேன்லா. உதடு மைக்குல பட்டா சுள்ளுனு அடிக்கும். மழை பெஞ்சா இன்னும் ஜாஸ்தி."

சிங்கராயருக்குக் குரல் ஏறியது. "எத்தனை வருஷமாட்டி?"

"பத்தாப்பு படிக்கும்போதுல இருந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பாட விட்டிருப்பீயளா?"

ஜெனோவா திரும்பிக்கொண்டு சுவரில் தொங்கிய ஒரு கழுத்தைத் துடைத்தாள். அவள் தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க மேஸ்திரி! நாலு வருஷம்! கோயிலுக்குள்ள நான் முன் பெஞ்சுல உக்காந்திருக்கேன்!"

"அதான்ப்பா சொல்லல. நான் மைக்குக்குப் பஞ்சு உறை வாங்கி மாட்டிட்டேன். இப்பம் அடிக்காது."

"பஞ்சு உறையா? அது எச்சில் படாம இருக்கதுக்குல்லா?"

"கரண்டும் படல."

சிங்கராயர் ஸ்டூலில் உட்கார்ந்தார். எழுந்தார். ஷெட்டின் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு பையிலிருந்து டெஸ்டரை எடுத்து மகளின் கையில் கொடுத்தார்.

"இங்க வா. எந்த மேடையில ஏறினாலும் முதல்ல இதை வெச்சு மைக்கைப் பாரு. லைட் எரிஞ்சா தொடாத. ஆளைக் கூப்பிடு. எரியலேன்னாலும் உடனே பிடிச்சுராத. முதல்ல புறங்கையால லேசாத் தொடணும்."

"ஏன் புறங்கை?"

"கரண்ட் பட்டா கை தானா மூடும். உள்ளங்கையால தொட்டா அதையே பிடிச்சுக்கிடும், விடாது. புறங்கைன்னா உதறிட்டு வந்துரும். எங்க, தொடு பார்ப்போம்."

அவள் மேசையில் கட்டையை இறுக்கும் வைஸ் இரும்பைப் புறங்கையால் தொட்டாள்.

"அப்படி இல்ல. மெதுவா. பூனை தலையைத் தடவுற மாதிரி."

மறுபடி தொட்டாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தினார். இன்னும் இரண்டு தடவை தொடச் சொன்னார்.

"இதை ஏம்ப்பா முன்னாடியே சொல்லித் தரல?"

"நான்தான் எப்பமும் கூடவே இருந்தேனே மக்கா."

ஜெனோவா கிடாரின் கம்பிகளைத் தளர்த்தி இரும்புத் தகட்டைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு சாண் கம்பியை வெட்டி அவரிடம் நீட்டினாள். அவர் அதைத் துளையில் விட்டார். மறுமுனையைக் குழிக்குள் இழுத்துப் பற்றவைத்தார். ஈயம் உருகி, மிளகு அளவில் உருண்டு, காய்ந்தது. ஊதிப் பார்த்தார். தகட்டை இறுக்கி மூடியைப் போட்டார். திருகாணி நான்கையும் அவரே முடுக்கினார்.

ரெனிட்டா சுருதி சேர்த்தாள். ஆம்ப்ளிஃபயர் சுவிட்சைப் போட்டார்கள். கம்பிகளில் முதலில் புறங்கையை வைத்து அப்பாவைப் பார்த்தாள். பிறகு கையைத் திருப்பி முழுதாக வைத்தாள்.

இரைச்சல் இல்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுவது கேட்டது.

அவள் வாசித்தாள். நீளமாக ஒன்றும் இல்லை. நாலைந்து தடவை ஸ்வரங்களில் மேலும் கீழும் போய் வந்தாள். நின்ற பிறகும் கடைசி ஸ்வரம் ஷெட்டுக்குள் கொஞ்ச நேரம் இருந்தது. சிங்கராயர் துணியை எடுத்து, துடைத்துவிட்டிருந்த மேசையை மறுபடி துடைத்தார்.

"கிடார் உறையை வண்டியில விட்டுட்டேன். எடுத்துட்டு வாரேன்" என்று ரெனிட்டா கிடாரை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு வெளியே போனாள்.

கிடார் மெல்ல முனகியது.

சிங்கராயர் அதன் பக்கத்தில் போனார். முனகல் ஏறியது. குனிந்து காதை வைத்தார். இன்னும் ஏறியது. சட்டென்று நிமிர்ந்தார்.

"மேஸ்திரி, கம்பி விட்டுப்போச்சு."

அவர் கை பற்றவைக்கும் கோலைத் தேடியது.

"அதை வைங்க அண்ணாச்சி. ரெண்டு எட்டு பின்னால போங்க."

போனார். சத்தம் இறங்கியது.

"இன்னும் போங்க."

ஷெட்டின் வாசலுக்குப் போனார். சத்தம் இருக்கிறதா இல்லையா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்க வேண்டியிருந்தது.

"இப்பம் கிட்ட வாங்க."

ஒவ்வொரு எட்டுக்கும் அது கூடியது. பக்கத்தில் வந்து நின்றபோது நன்றாகவே இரைந்தது. அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். முப்பது வருடத்தில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை.

"இது கிடாரோட சத்தம் இல்லையா?"

"இல்ல. பக்கத்துல நிக்க ஆளோடது. சுவத்துல ஓடுற கரண்டை உங்க உடம்பு வாங்கி அதுக்குள்ள விடுது."

வெளியே ஸ்கூட்டியின் சீட் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"நான் சும்மாதான நிக்கேன்."

"ஆமா. சும்மாதான் நிக்கீய."

"அப்பம் நான் என்ன செய்யட்டும் மேஸ்திரி?"

"தொடுங்க, எர்த்துல எறங்கிரும். இல்லேன்னா தள்ளி நில்லுங்க. ரெண்டுல எதைச் செஞ்சாலும் அதுக்கு நிம்மதி."