முன்வரிசையில் ஆளைக் காணோம்

ஒரு காலத்துல தும்பையூர் நாட்டை ரணபூபதின்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டு இருந்தார். பேரைக் கேட்டா மிரண்டு போவீங்க. ஆனா கதவு படார்னு சாத்தினாலே மனுஷன் சிம்மாசனத்துல துள்ளி விழுவார்.

பக்கத்து நாட்டுச் சந்தையில ஒரு கொலைகாரக் கும்பல் கூட்டத்தோட கூட்டமா நுழைஞ்சு, நாலு பக்கமும் தீ வெச்சுட்டுப் போச்சுன்னு ஒருநாள் சேதி வந்தது. ராஜாவுக்குச் சோறு இறங்கலை.

"நம்ம சந்தையில இப்படி நடந்தா ஜனங்களைக் காப்பாத்த நம்ம ஆட்கள் தயாரா?"ன்னு தளவாய் உக்கிரநாதரைக் கேட்டார். தீயணைக்கிறவங்க, காயத்துக்குக் கட்டுப் போடுறவங்க, காவல்காரங்க எல்லாருக்கும் அவர்தான் தலைவர்.

தளவாய் தன் ஆட்கள் முந்நூறு பேரையும் வரிசையா நிறுத்தினார். கையில சாட்டை. "தயாரா இருக்கியா?"ன்னு ஒவ்வொருத்தரையா கேட்டார். சாட்டையைப் பார்த்துக்கிட்டு எவன்யா இல்லைன்னு சொல்லுவான்? "தயார்! தயார்!"

தண்ணீர்ப் படையில இருந்த ராக்காயி மட்டும் "இல்லீங்க"ன்னா.

"என்னடி சொன்னே?"

"ஒத்திகை பார்த்து மூணு வருஷம் ஆச்சுங்க. பித்தளைக் குடத்தையெல்லாம் ஊர்வலத்துக்காகப் புளி போட்டு விளக்கி, பளபளப்பு போயிரும்னு பூட்டி வெச்சிருக்கீங்க. சாவி உங்க இடுப்புல. தீப்பிடிச்சா நான் எதுல தண்ணி மொள்ளுறது?"

தளவாய் நேரா அரசவைக்கு ஓடினார். "மகாராஜா, முந்நூறு பேரில் ஒருத்தியைத் தவிர எல்லாரும் தயார்! அந்த ஒருத்திக்கு வாய்க்கொழுப்பு. படையின் மனத்தைக் கெடுக்கிறாள். நாடு கடத்துங்கள்!"

ராஜா எழுத்தாணியை எடுத்துட்டார். மந்திரி திருமேனியார் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"அவசரம் வேண்டாம் மகாராஜா. நாளை மறுநாள் சந்தையிலேயே ஒத்திகை வைப்போம். நாலு வைக்கோல் போருக்கு நெருப்பு வைக்கட்டும், நம்ம ஆட்கள் அணைக்கட்டும். நடுவில் பந்தல் போட்டு, தயார் என்று சொன்னவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைப்போம். எப்பேர்ப்பட்ட மரியாதை!"

"பலே!"ன்னார் ராஜா. தளவாய்க்கு வேர்த்துக் கொட்டிச்சு.

சந்தை நாளும் வந்தது. முன்வரிசையில ஒரு ஈ காக்காய் இல்லை! ஒருத்தன் பெண்டாட்டிக்கு இடுப்புச் சுளுக்காம். இன்னொருத்தன் பிள்ளைக்குக் காது குத்தாம். அந்த ஊர்ல அத்தனை மாமியாருக்கும் ஒரே நாள்ல காய்ச்சல் வந்த அதிசயத்தை என்னன்னு சொல்ல! தளவாய் குடும்பமோ முந்தின நாளே வண்டி கட்டிக் கிளம்பிருச்சு.

ராக்காயி மட்டும் தன் மகளைக் கொண்டுவந்து உட்கார வெச்சா.

"தயார் இல்லைன்னு சொன்னவள் நீதானே?"ன்னார் ராஜா.

"அதனாலதாங்க ராஜா வந்தேன். தயார் இல்லைன்னு தெரிஞ்சும் சும்மா இருக்க மனசு கேட்குமா? வீடு வீடாப் போய் நாப்பது மண்குடம் வாங்கி, கிணத்தடியில நிரப்பி வெச்சிருக்கேன். எந்தப் பக்கம் ஓடணும்னு பிள்ளைக்கும் காட்டியாச்சு."

"மகாராஜா, தளவாய் கேட்டது வாய் சொன்ன பதில், பெற்ற வயிறு சொல்லும் பதில் இதோ"ன்னு காலி வரிசையைக் காட்டினார் மந்திரி.

ராஜாவுக்கு மீசை துடிச்சது. "தளவாய்! உம் குடும்பம் எங்கேய்யா?"

மாட்டிக்கிட்டவர் சும்மா இருப்பாரா? "மகாராணியாரையும் காணோமே, மகாராஜா..."

ராஜா பக்கத்து ஆசனத்தைப் பார்த்தார். காலி. "அது... அவங்க அம்மா வீட்டுல ஏதோ விசேஷம்"னு இழுத்தார். சந்தையே கொல்லுனு சிரிச்சது. வெட்கப்பட்ட ராஜாவும் கடைசியில சிரிச்சுட்டார். அன்னைக்கு வைக்கோலுக்கு நெருப்பு வைக்கவே அவர் விடலை.

தளவாய் இடுப்புச் சாவி ராக்காயி கைக்குப் போச்சு. படைக்கும் அவள்தான் தலைவி. இனி சந்தைக்குச் சந்தை ஒத்திகை. தளவாய்க்கு என்ன வேலை தெரியுமா? குடும்பத்தோட முன்வரிசையில உட்காருறது!

ஆறு மாசத்துல பித்தளைக் குடமெல்லாம் நசுங்கி, கறுத்துப் போச்சு. ஒரு சந்தை நாள்ல யாரும் கூப்பிடாமலே மகாராணி வந்து, தளவாய் பெண்டாட்டி பக்கத்துல உட்கார்ந்தாங்க. அதுக்கப்புறம் "தயாரா?"ன்னு ராஜா யாரையும் கேட்கலை.