இருபது சமையற்காரரும் இரண்டு யந்திரமும்

மாதம் மும்மாரி பெய்ததாகச் சொல்லிக்கொள்கிறார்களே, அந்தக் காலத்தில் கொற்றங்குடி நாட்டைச் சிங்கமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் வயிறு நிறைந்திருந்தால்தான் நல்லவன். ஒருநாள் காலை இட்லி கல்லாயிருந்தது என்று அண்டை நாட்டின்மேல் படையை அனுப்பிவிட்டான். மத்தியானம் மோர்க்குழம்பு ருசித்ததும் திரும்பக் கூப்பிட்டான். பாதி வழி போன யானைகள்தான் பாவம்.

அவன் அடுக்களையில் இருபது சமையற்காரர்கள். அவர்களில் பலருக்கு ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. ஒருவன் பானையில் மற்றவன் உப்பை அள்ளிப் போடுவான். ஒருநாள் பாயசத்தில் பெருங்காயம் மணத்தது. ராஜா உடனே இரண்டாவது அடுக்களை கட்டச் சொன்னான். பகையாளிகள் ஒரே அடுக்களையில் இல்லாதபடி ஆட்களைப் பிரிக்க வேண்டும், நாளை மறுநாள் சம்பந்தி விருந்துக்கு வருகிறார், முடியாவிட்டால் மந்திரி மருதவாணரே சமைக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டான்.

மருதவாணருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. யார் யாருக்குப் பகை என்று விசாரித்து ஓலையில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தார். இவனை அங்கே தள்ளினால் அவன் முறைக்கிறான், அவனை இங்கே இழுத்தால் இன்னொருவன் கரண்டியைத் தூக்குகிறான். இருபது பேரை இரண்டாகப் பிரிக்கப் பத்து லட்சத்துக்கு மேல் வழி இருந்தது. வேறு வழியில்லாமல் பறையறைந்து ஆள் தேடினார்.

இரண்டு பேர் யந்திரத்தோடு வந்தார்கள். ஒருவர் அரண்மனை யந்திரத் தலைவர் வச்சிரகேது. மந்திரி ஆசனத்தின்மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். இன்னொருத்தி கொல்லத் தெரு சடைச்சி.

இரண்டும் ஒரே மாதிரியான யந்திரங்கள். சமையற்காரன் ஒருவனுக்கு ஒரு தகடு. இடப்பக்கம் சாய்ந்தால் பழைய அடுக்களை, வலப்பக்கம் சாய்ந்தால் புதியது. பகையாளிகளின் தகடுகளுக்கு நடுவே ஒரு சுருள்வில் இருந்து, ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிடும். வச்சிரகேது யந்திரத்தை ஒரே ஒருமுறை சம்மட்டியால் அடிப்பார். சடைச்சியோ முதலில் பலமாக உலுக்கி, பிறகு கொஞ்சங்கொஞ்சமாகக் குறைப்பாள். ஏன் அப்படி என்று மந்திரி கேட்டார்.

"இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மெதுவா ஆறவிட்டா உள்ளே இருக்கிற முறுக்கு தளர்ந்துடுமுங்க. சடக்குனு தண்ணியில போட்டா விறைச்சுக்கும். இதுவும் அப்படித்தான்" என்றாள்.

மந்திரி இருவருக்கும் ஒரே ஓலையைக் கொடுத்தார். கொடுக்குமுன் அதில் மூன்று பெயர்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டார்.

சபை கூடியது. ராஜா வெற்றிலையை மடிப்பதற்குள் வச்சிரகேதுவின் யந்திரம் அடங்கிவிட்டது. சடைச்சி உலுக்கிய உலுக்கலில் புரோகிதரின் தலைப்பாகை விழுந்தது. அவள் யந்திரம் அடங்குவதற்குள் ராஜா ஒரு தட்டு முறுக்கைத் தின்று ஒரு தூக்கமும் போட்டான்.

சண்டை ஒன்றுகூட மீதமில்லை என்று வச்சிரகேது மார்தட்டினார். சடைச்சி விரல்விட்டு எண்ணிப் பார்த்து, ஒரு ஜோடி மட்டும் மிஞ்சுகிறது என்றாள். ராஜாவின் முகம் சுண்டியது. அவளை வெளியே தள்ளச் சொல்லக் கையைத் தூக்கினான். மருதவாணருக்குத் தன் கையில் கரண்டி ஏறுவது போலிருந்தது.

மெதுவாக எழுந்து, "சொன்னது பொய்யானால் என்ன செய்வீர்?" என்று வச்சிரகேதுவைக் கேட்டார்.

"மகாராஜா எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன்."

மந்திரி வடை சுடும் தொப்பையனையும், ரசம் வைக்கும் பெரியாண்டியையும், பாயசம் காய்ச்சும் அழகப்பனையும் சபைக்கு வரவழைத்தார். மூவரில் யாருக்கும் யாரையும் பிடிக்காது. தரையில் இரண்டு பாய்களை விரித்து, பகையாளியோடு ஒரே பாயில் உட்காராமல் மூவரும் உட்காரவேண்டும் என்றார். தொப்பையன் ஒன்றில் உட்கார்ந்தான், பெரியாண்டி மற்றதில். அழகப்பன் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தான். ராஜாவே சிம்மாசனத்திலிருந்து இறங்கி மூவரையும் மாற்றி மாற்றி உட்காரவைத்துப் பார்த்தான். வியர்த்ததுதான் மிச்சம்.

"மூன்று பகையாளி, இரண்டே அடுக்களை. எப்படிப் பிரித்தாலும் ஒரு ஜோடி மிஞ்சத்தான் செய்யும், மகாராஜா. ஒன்று என்றவள் உள்ளதைச் சொன்னாள். ஒன்றுமில்லை என்றவர் எண்ணிப் பார்க்கவேயில்லை" என்றார் மந்திரி.

எண்ணினார்கள். வச்சிரகேதுவின் பிரிவில் ஏழு ஜோடி முறைத்துக்கொண்டு நின்றது. தன் யந்திரம்தான் வேகமானது என்று அவர் முனகினார்.

"வழி தப்பி ஓடுகிற குதிரைக்கு வேகம் இருந்து என்ன?" என்றார் மந்திரி. ஆனாலும் நியாயம் நியாயம்தான். சடைச்சி எடுத்துக்கொண்ட அதே நேரத்தை அவருக்கும் கொடுக்கச் சொன்னார். வச்சிரகேது அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டேயிருந்தார். ஏழு மூன்றாகக் குறைந்தது. அதற்குள் சம்மட்டியின் காம்பு ஒடிந்துபோனது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிச் சடைச்சிக்குப் போட்டு, யந்திரத் தலைமையையும் அவளுக்கே கொடுத்தான். அவள் பிரிவின்படியே இரண்டு அடுக்களையிலும் அடுப்பு எரிந்தது. மிஞ்சிய ஜோடி தொப்பையனும் பெரியாண்டியும். அவர்கள் நடுவில் அண்டா மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை வச்சிரகேதுவுக்கு.

விருந்தன்று பாயசம் பாயசமாகவே மணத்தது. சம்பந்தி ரசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார். மருதவாணர் பந்தியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டார். இலை எடுக்கும் நேரத்தில் வச்சிரகேது வெளியே வந்தார். தலைப்பாகையில் ரசம் சொட்டிக்கொண்டிருந்தது, காதோரம் ஒரு உளுந்து வடை ஒட்டிக்கொண்டிருந்தது.