பொரிக்கூடையும் உறங்கிய வாணமும்

"நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து பொரிக்கூடையும் தண்ணிக்குடமும் தூக்கினதைத் தவிர என்னத்தைக் கண்டேன்? நீங்க விடுற வாணம் மேலே போய் எப்படி விரியுதுன்னு ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்திருக்கேனா?"

கேட்டவள் தேமொழி. கேட்டுக்கொண்டிருந்தவன் அவள் கணவன் சேந்தன். ராஜாக்கள் யானைமேல் போன காலத்தில், ஆறு கடலில் கலக்கும் ஓர் ஊரில் நடந்த சண்டை இது. சேந்தனுக்குப் பிழைப்பு எண்ணெய் வியாபாரம்; பித்து வாணம். கொல்லையில் உட்கார்ந்து தானே செய்வான், ஆற்றங்கரையில் தானே விடுவான்.

அந்த ஊரில் வாணம் விடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. திரி எரிந்தும் கிளம்பாத வாணத்தை 'உறங்குது' என்பார்கள். உறங்கினால் எல்லோரும் எட்டப்போய் உட்கார்ந்து, ஒரு கூடைப் பொரியைத் தின்று தீர்க்க வேண்டும். கூடை காலியான பிறகுதான், நீளக் கழியில் குடத்தைக் கட்டி அதன்மேல் தண்ணீர் கொட்டலாம். சிரிக்க வேண்டாம். சும்மா காத்திரு என்றால் எந்த ஆண்பிள்ளை காத்திருக்கிறான்? வாய்க்கு வேலை கொடுத்தால்தான் கால் ஓரிடத்தில் நிற்கும்.

கூடை தேமொழியின் கையில். குடம் அவள் காலடியில். பொறி எந்தக் கூரையில் விழுகிறது என்று பார்ப்பதும் அவள் வேலை. ஊரே வானத்தைப் பார்க்கும். அவள் கூரைகளைப் பார்ப்பாள்.

இதற்குச் சேந்தன் என்ன சொல்லியிருக்கலாம்? ஆயிரம் சொல்லியிருக்கலாம். "கூரையைப் பார்க்க ஒரு ஆள் வேணுமில்ல?" என்றான்.

தேமொழி அக்கரையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "முற்றத்துல விளக்கை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். உங்க வாணம் விரியறதை என் கண்ணால பார்த்தா வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றுமுதல் சேந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. பொழுது சாய்ந்தால் கரைக்கு வந்துவிடுவான். அக்கரையில் ஒரு விளக்கு, கடுகளவு தெரியும். அதையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

முதல் வாணம் விட்டான். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. அது கரையோரத்து வீட்டு வைக்கோல்போரில் போய் இறங்கியது. ஓடக்காரன் பூதன் அக்கரை போய்வந்து சொன்னான்: "அண்ணி ஒண்ணும் தெரியலைன்னாங்க. வைக்கோல் புகை மட்டும் வந்துச்சாம்."

இரண்டாம் வாணம் விட்டான். அவசரத்தில் மணலில் சரியாக ஊன்றவில்லை. அது சாய்ந்து, தரையோடு சீறி, ஊர்த்தலைவரைத் துரத்திக்கொண்டு போய் ஆற்றில் தள்ளியது. பூதன் திரும்பிவந்தான். "தலைவர் நல்லா இருக்காரான்னு அண்ணி கேட்டாங்க. அப்புறம், பொரிக்கூடையை இப்போ யார் தூக்கறான்னும் கேட்டாங்க."

"அவ இல்லாம என்ன பொரி" என்றான் சேந்தன்.

மூன்றாம் வாணத்தை ஒரு மாதம் பொறுமையாகச் செய்தான். இரும்புப் பொடியைச் சலித்துச் சலித்துச் சேர்த்தான், தங்கமாய் உதிர வேண்டும் என்று. காற்றுப் பார்த்தான். ஆழமாக ஊன்றினான். ஊராரை எட்ட நிறுத்தினான். அந்த நேரம் பூதன் ஓடத்திலிருந்து ஒரு கூடையோடு இறங்கினான். கூடை நிறையப் பொரி.

"அண்ணி கொடுத்தனுப்பினாங்க. அவங்களே வறுத்தது."

"அந்தப் பக்கமா வைடா" என்றான் சேந்தன். பூதன் வைத்துவிட்டு அக்கரைக்கே துடுப்புப் போட்டான்.

சேந்தன் திரியைப் பற்றவைத்து விலகி வந்தான். திரி எரிந்தது. அணைந்தது. வாணம் உறங்கிவிட்டது.

அவன் கூடைப்பக்கம் போனான். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டான். இரண்டாம் பிடி அள்ளினான். மூன்றாம் பிடியை அள்ளும்போது அக்கரையைப் பார்த்தான்.

விளக்கு நகர்ந்தது.

உள்ளே போகிறாள் என்று நினைத்தான். இன்றைக்கும் ஒன்றுமில்லை என்று எழுந்துவிட்டாள், இனி முற்றத்துக்கே வரமாட்டாள் என்று நினைத்தான். கையிலிருந்த பொரியைப் போட்டுவிட்டு ஓடினான். "சேந்தா, கூடை முடியலை" என்று ஊரார் கத்தினார்கள். அவன் வாணத்தின்மேல் குனிந்து, திரி இருந்த இடத்தை ஊதினான்.

வாணம் விழித்துக்கொண்டது.

தேமொழி உள்ளே போகவில்லை. பூதனின் ஓடம் திரும்புவதைப் பார்த்து, விளக்கை எடுத்துக்கொண்டு துறைக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். வாணமாவது ஒன்றாவது, வீட்டுக்குப் போவோம் என்று கிளம்பிவிட்டாள். துறைப்படியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, அவள் பிறந்ததிலிருந்து காணாதது வானம் முழுக்க விரிந்து, மெல்ல, மிக மெல்ல ஆற்றின்மேல் உதிர்ந்தது.

வாணம் விடுகிறவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்: யாருக்காக எவ்வளவு ஏங்கினாலும், உறங்கும் வாணத்தைத் தட்டியெழுப்பப் போகாமல் கூடை காலியாகும்வரை காத்திருப்பவனே தான் விட்ட வெளிச்சத்தைத் தானும் காண்பான்.

ஓடம் இக்கரை சேர்ந்தபோது சேந்தன் மணலில் கிடந்தான். கண்கள்மேல் ஈரத்துணி சுற்றியிருந்தார்கள். துணிக்குக் கீழே என்ன மிச்சம் என்று வைத்தியர் சொல்லவில்லை. அவனைச் சுற்றி நின்றார்கள் எல்லோரும். கொலுசுச் சத்தம் கேட்டு அவன் தலையைத் திருப்பினான்.

"வந்துட்டியா? நீ பார்த்தே இல்ல? தங்கமா உதிர்ந்துச்சா? எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லேன், தேமொழி."

தேமொழி பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள். உள்ளங்கையில் ஒரு பொரி ஒட்டியிருந்தது.

"யாராவது சொல்லுங்களேன்" என்றான்.