திரைக்கு அந்தப் பக்கம்

குரு ஹெங்கிடம் வைத்தியம் கற்க வந்தபோது லியாங்குக்கு வயது நாற்பது. அரசுத் தேர்வில் ஏழு முறை தோற்றவன். ஆனாலும் படிப்புக்குக் குறைச்சல் இல்லை. பிரசவத்தைப் பற்றி ஒரு நூலே எழுதிவிட்டான். பிரசவ அறைக்குள் ஆண் வைத்தியன் நுழையக் கூடாது என்பது சீன தேசத்து வழக்கம். அதனால் அவன் ஒரு பிரசவத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. நூல் எழுத அது ஒரு தடையாகவும் இல்லை.

சொந்தத் தங்கைக்கே வலி கண்டபோது குருவையும் அழைத்துக்கொண்டு ஓடினான்.

இரண்டாம் நாள் உச்சிப்பொழுதாகியும் குழந்தை வரவில்லை. பிரசவ அறை வாசலில் தொங்கிய நீலத் திரைக்கு வெளியே குரு அசையாமல் இருந்தார். லியாங் எழுவதும் உட்காருவதுமாகத் தவித்தான்.

திரை இடுக்கில் தங்கையின் கை வந்தது. நாடி பார்த்தான்.

"நேரம் நெருங்கிவிட்டது, ஐயா. குழந்தையை வெளியே தள்ளும் கஷாயம் கொடுத்துவிடலாம்."

அவனே காய்ச்சி, கிண்ணத்தோடு திரையருகே போனான்.

"குழந்தை எப்படிக் கிடக்கிறது?" என்று கேட்டார் குரு.

"அது நாடியில் தெரியாதே, ஐயா."

"யாருக்குத் தெரியும்?"

லியாங்குக்குச் சுருக்கென்றது. "உள்ளே இருக்கும் மருத்துவச்சிக்கா? எழுத்து வாசனையே இல்லாதவள். பாதிப் பிள்ளைகள் சாவதே இவர்கள் கையால்தான் என்று என் நூலில் எழுதியிருக்கிறேன். அவளிடம் போய் நான் கேட்பதா?"

"கஷாயம் ஆறுகிறது," என்றார் குரு.

உள்ளே தங்கை அலறினாள். லியாங்கின் வீறாப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"அம்மா," என்றான் திரையைப் பார்த்து. "குழந்தை எப்படிக் கிடக்கிறது?"

"குறுக்கே!" மருத்துவச்சிக்கு மூச்சு வாங்கியது. "கை முதலில் வந்துவிட்டது. உள்ளே தள்ளித் திருப்பிக்கொண்டிருக்கிறேன். இப்போது மருந்து கிருந்து கொடுத்துத் தள்ளினீர்களோ, இரண்டு உயிரும் போய்விடும்."

லியாங் கஷாயத்தை முற்றத்தில் கொட்டினான்.

வெயில் சாய்வதற்குள் குழந்தை வீறிட்டது. தங்கையும் பிழைத்தாள். லியாங் சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதான். தங்கையின் மாமனார் ஓடி வந்து, "எல்லாம் உங்கள் மருந்தின் மகிமை!" என்று இரண்டு வைத்தியர்களின் கால்களிலும் விழுந்து எழுந்தார்.

அவர் போனபின் லியாங் கேட்டான். "ஐயா, இதை நம் சிகிச்சைக் குறிப்பில் எப்படி எழுதுவது?"

"குழந்தையைத் திருப்பியது யார்?"

"அந்த மருத்துவச்சி."

"பெயர்?"

அது அவனுக்குத் தெரியாது. இரண்டு நாளாக ஒரே வீட்டில் இருந்தும் கேட்கத் தோன்றவில்லை. முற்றத்தில் முழங்கை வரை கழுவிக்கொண்டிருந்தவளிடம் ஓடினான். சற்று நேரத்தில் தொங்கிய முகத்தோடு திரும்பினான்.

"சொல்ல மாட்டேன் என்று போய்விட்டாள், ஐயா. காலில் விழாத குறையாகக் கேட்டேன். 'எழுதிக்கொண்டு போய் என்மேல் பழி போடவா?' என்கிறாள்."

"இதுவரை நாம் மருத்துவச்சிகளைப் பற்றி வேறு என்ன எழுதியிருக்கிறோம்?" என்றார் குரு.