பீம் என்ன சொல்லிச்சு?

“மேடம், எல்லாத்தையும் விட என் பீம்தான் கூடத் தாங்குச்சு. எனக்கு மட்டும் எதுக்கு ‘மறுபடி’ன்னு போட்டிருக்கீங்க?”

கோமதிநாயகம் சார் நின்றுகொண்டே கேட்டார். ஜெசிந்தா மேடம் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு தாங்கிச்சு சார்?”

“எட்டு டன்னு. மீட்டர்ல நீங்களும்தான் பாத்தீங்க.”

“அது மீட்டர் சொன்னது. பீம் என்ன சொல்லிச்சு?”

“பீம் என்ன மேடம் சொல்லும்?”

“அப்ப மறுபடி போடுங்க.”

அவ்வளவுதான். மேடம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

எங்கள் எம்.இ. வகுப்பில் இது ஒரு வேடிக்கை. மாணவருக்கு ஐம்பத்தேழு வயது. ஆசிரியைக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சார் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர். பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க வருவார். அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார். நடுவில் அகப்பட்டது நாங்கள்.

எங்கள் சிவில் துறையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மற்ற துறைக்காரர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து பட்டம் வாங்குவார்கள். நாங்கள் ஜல்லியும் மணலும் அள்ளித்தான் வாங்குவோம். கூரையைச் சுமக்கிற பீமை நாங்களே கணக்குப் போட்டு, நாங்களே கம்பி கட்டி, நாங்களே கான்கிரீட் ஊற்றி, இருபத்தெட்டு நாள் ஈரச் சாக்கு போர்த்தி வளர்த்து, கடைசியில் ஜாக் வைத்து அழுத்தி நாங்களே உடைக்க வேண்டும். உடைத்தால்தான் மார்க்.

அன்று என் பீம் ஐந்து டன்னிலேயே விழுந்துவிட்டது. சாருடையது எட்டைத் தாண்டி, பட்டென்று வெடித்தது. கான்கிரீட் சில்லு பறந்து ட்யூப்லைட்டை உடைத்தது. நாங்கள் பயந்து துள்ளினோம். பிறகு கை தட்டினோம். பாதுகாப்பு வலைக்குப் பின்னால் நின்று ஜாக்கின் கைப்பம்பை அடித்துக்கொண்டிருந்த சார், தலைவர் மாதிரி கையை உயர்த்திக் காட்டினார்.

எனக்குப் பாஸ். அவருக்கு மறுபடி.

அது அவருடைய கடைசிப் பாடம். இதில் போனால் பட்டம் போச்சு. மறுபடி முதலிலிருந்து சேர்ந்து படிக்க அவருக்கு வயதும் இல்லை, துறையில் அனுமதியும் கிடைக்காது.

டீக்கடையில் என்னிடம்தான் பொருமினார்.

“வடிவு, உன் பீம் அஞ்சு டன்னு. என்னுது எட்டு டன்னு. கூட்டல் கழித்தல் தெரிஞ்ச யாராச்சும் இப்படி மார்க் போடுவாங்களா?”

“கம்பி ரொம்பப் போட்டுட்டீங்க சார். அதனாலதான் இருக்கும்.”

“அது எனக்குத் தெரியாதா? ‘கம்பி மிஞ்சினால் கான்கிரீட் முதலில் நொறுங்கும்.’ மனப்பாடம். பரீட்சையில எழுதி முழு மார்க்கு வாங்குனேன்.”

“பின்ன ஏன் சார் போட்டீங்க?”

சார் டீயை ஆற்றினார்.

“எங்க துறையில கம்பி குறைச்சுப் போட்டவனுக்கு மெமோ வந்திருக்கு தாயி. கூடப் போட்டவன் ஒருத்தனுக்கும் இதுவரைக்கும் வந்ததில்ல.”

டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

அவர் கட்டிய பள்ளிக்கூடங்கள், கிராம நூலகங்கள், ஒரு தாலுகா அலுவலகம் எல்லாம் எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. ஒன்றிலும் விரிசல் விட்டதில்லை. அதைச் சொல்லும்போது சாருடைய நெஞ்சு கொஞ்சம் முன்னால் வரும். வரட்டுமே. ஒழுங்காக வேலை பார்த்த மனுஷன்.

மறுநாள் மேடத்திடம் போனார்.

“போடுதேன் மேடம். ஆனா கம்பியை மாத்த மாட்டேன். அதே கம்பிதான்.”

“மாத்துங்கன்னு நான் சொல்லலையே சார்.”

சாருக்கு ஏமாற்றமாகிவிட்டது. சண்டைக்குத் தயாராக வந்திருந்தார்.

மேடம் என் பக்கம் திரும்பினார்.

“வடிவு, நீயும் ஒண்ணு போடு. உன் பழைய கணக்குப்படி.”

“நான் பாஸ் மேடம்.”

“தெரியும். போடு.”

யாரோ பண்ணிய வினைக்கு நான் மறுபடி ஜல்லி சுமந்தேன். சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு பீமையும் பக்கத்துப் பக்கத்தில் வார்த்தோம். தன் பீமுக்குத் தண்ணீர் ஊற்றும்போது என்னுடையதற்கும் அவரே ஊற்றிவிடுவார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

உடைக்கும் நாள் வந்தது. இரண்டுக்கும் வெள்ளையடித்தோம். வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் தலைமுடி அளவு விரிசல்கூடக் கறுப்பாகத் தெரியும். அதற்காகத்தான் அது.

சார் வழக்கம்போலப் பம்பு பக்கம் போனார்.

“அங்க இல்ல சார்” என்றார் மேடம். “பம்பை வடிவு அடிக்கட்டும். நீங்க இங்க வாங்க.”

ஒரு ஹெல்மெட்டைக் கொடுத்தார். ஒரு பென்சிலையும் கொடுத்தார்.

“பீம் பக்கத்துல நில்லுங்க. எங்க விரிசல் வருதோ அங்க கோடு போடுங்க. எத்தனை டன்னுல வந்துச்சுன்னு பக்கத்துல எழுதுங்க.”

சொல்லிவிட்டுத் தானும் ஒரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சாருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

முதலில் என் பீம்.

பம்பை மெல்ல அடித்தேன். ஒன்றரை டன்னிலேயே நடுவில் ஒரு கீறல் வந்தது.

“வந்துட்டு” என்றார் சார். கோடு போட்டார். குரலில் கொஞ்சம் ஏளனம் இருந்தது.

இரண்டு டன். “இந்தா, இடப்பக்கம் ஒண்ணு.”

மூன்று டன். “வலப்பக்கம். பழசு மேல ஏறுது மேடம்.”

நான்கு டன். சாரின் ஏளனம் எங்கே போனதென்று தெரியவில்லை. குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரிசலுக்குப் பின்னாலேயே பென்சிலைக் கொண்டுபோனார். பீம் நடுவில் தொய்வது எனக்கே தெரிந்தது. உள்ளே கம்பி இழுபடும் சத்தம் கறகறவென்று கேட்டது.

சார் சட்டென்று நிமிர்ந்தார்.

“மேடம், தள்ளி வாங்க. இது இனி நிக்காது.”

இருவரும் விலகினார்கள். நான் இன்னும் கொஞ்சம் அடித்தேன். பீம் மெதுவாக, அவசரமே இல்லாமல், விழாமல் தாங்கக் கீழே கட்டியிருந்த சங்கிலியில் உட்கார்ந்தது. மீட்டரில் ஐந்து.

சார் அதன் மேலிருந்த பென்சில் கோடுகளைப் பார்த்தார். வெள்ளை முழுக்க அவர் கையெழுத்து.

“நல்லா புலம்புது தாயி உன் பீமு.”

எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்து அவருடையது.

இரண்டு டன். ஒன்றுமில்லை. மூன்று. கீழே நரம்பு மாதிரி ஒரு கோடு. சார் அதைக் குறித்தார். நான்கில் இன்னொன்று. அவ்வளவுதான். இரண்டும் வளரவில்லை.

ஐந்து டன். என் பீம் போன இடம். சார் என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“அசையுதா பாரு.”

ஆறு டன்னிலும் அசையவில்லை. சார் நிமிர்ந்து நின்றார். பென்சில் கையில் சும்மா இருந்தது. எழுத ஒன்றும் இல்லை. எனக்கே அந்தப் பீமைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆறரை.

“மேடம், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார் சார்.

“எப்ப தள்ளணும்னு சொல்லுங்க சார். சொன்னதும் தள்ளிக்கிறேன்.”

“இப்பவே தள்ளிக்கிடுங்க.”

“ஏன்? விரிசல் வந்திருக்கா?”

சார் குனிந்து பார்த்தார்.

“இல்ல.”

“தொய்வு?”

“இல்ல.”

“சத்தம்?”

சார் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“இல்ல மேடம்.”

“அப்ப இருக்கேன். வடிவு, அடி.”

எனக்குக் கை வரவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். ஒரு அடி அடித்தேன். ஏழு டன்னைத் தொட்டது.

மேடம் அங்கேயே நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல நின்றார். போன தடவை சில்லு பறந்த உயரத்தில் அவர் முகம் இருந்தது.

சார் பீமை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இந்தப் பக்கம் வந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பென்சில் முனையைக் கான்கிரீட்டில் வைத்தார். எதைக் குறிப்பது என்று தெரியாமல் எடுத்தார். பழைய எட்டு டன்னைத் தாண்டப் பம்பை இன்னும் மூன்று தடவை அடித்தால் போதும். தாண்டினால் எங்கள் லேபிலேயே பெரிய எண் அதுதான்.

“சார், சொல்லுங்க” என்றார் மேடம். “எப்ப விலகட்டும்?”

சார் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை.

நான் பம்பின் பிடியில் கை வைத்தேன்.

“வடிவு, நிறுத்து.”

அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. சைட்டில் சாரம் சரியும்போது கத்துகிற குரல் அப்படித்தான் இருக்குமென்று நினைக்கிறேன். கையை எடுத்துவிட்டேன்.

“இன்னும் தாங்கும் சார்” என்றார் மேடம்.

“தாங்கும் மேடம்.”

“உடைக்காம மார்க் கிடையாதுன்னு தெரியும்ல?”

“தெரியும். இருக்கட்டும். எறக்கு தாயி.”

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தலையசைத்தார். வால்வைத் திறந்தேன். மீட்டர் முள் மெல்ல இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. எங்கள் லேபில் உடையாமல் இறங்கிய பீம் அது ஒன்றுதான். பட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டே நழுவ விட்ட மனுஷரையும் அன்றுதான் பார்த்தேன். இப்படி ஒருவரோடு ஒரே வகுப்பில் படிக்கிறேன் என்று நினைக்க நினைக்கக் கர்வமாக இருந்தது.

சார் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். உடையாத பீமின் முன்னால் போய் நின்றார். பிறகு பென்சிலை எடுத்து, சைட்டில் சுவரில் எழுதுகிற பெரிய எழுத்தில், அந்த வெள்ளையின் மேல் நிதானமாக எழுதினார்.

‘இதன் கீழ் யாரும் நிற்கக் கூடாது.’

எழுதினதும் பழக்கதோஷம் விடவில்லை. அடியில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பேரையும் எழுதினார்.

‘சு. கோமதிநாயகம், உதவிப் பொறியாளர்.’

மேடம் கிட்டே வந்து, ஒருமுறை முழுக்கப் படித்தார். சாரின் கையிலிருந்த பென்சிலை வாங்கினார். குனிந்து, பேருக்கும் பதவிக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் நெருக்கி எழுதினார்.

‘எம்.இ.’

“இதை விட்டுட்டீங்க சார்.”