வேலாத்தாள் ஓட்டி வந்த சாட்சி

பால் சொசைட்டிச் செயலாளர் அங்கமுத்து மூன்று நாளாக வேலாத்தாளின் பாலைத் திருப்பி அனுப்பினார்.

"தண்ணி கலந்திருக்கு. என் லாக்டோமீட்டர் பொய் சொல்லாது."

அந்த ஒற்றைப் பசுவை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"சொட்டுத் தண்ணி கலக்கலைங்க."

"நானே கறந்து பார்த்தாத்தான் நம்புவேன். அதுக்காக உன் தொழுவத்துக்கெல்லாம் வரமாட்டேன்!"

மறுநாள் காலை அவள் பசுவையே சொசைட்டி வாசலுக்கு ஓட்டி வந்தாள். வரிசையில் நின்றவர்கள் பார்க்க, செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கறந்தார். கருவியைப் பாலில் மிதக்கவிட்டார். அது அன்றும் தண்ணீர் என்றே காட்டியது.

வேலாத்தாள் பணிவாகக் கேட்டாள்: "ஏனுங்க, தண்ணி ஊத்துனது நீங்களா, மாடுங்களா?"

அங்கமுத்து மாட்டைப் பார்த்தார். அது அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானமே புதுக் கருவி வந்துவிட்டது. சாயங்காலம் முதலில் கேனில் விழுந்தது வேலாத்தாளின் பால்தான்.