சீர்த்தட்டில் வைக்க ஒரு ஜோடி

“ஏனுங்க அம்மிணி, தர முத்திரை எப்பத்தான் குடுப்பீங்க?”

நாச்சிமுத்து போட்ட சத்தத்தில் பரிசோதனைக் கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் செய்த மாவாட்டும் கிரைண்டர் மறுபடியும் தேறவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் மெஷின்களைச் சோதித்து முத்திரை தரும் இன்பவல்லி உட்கார்ந்திருந்தாள். அவருக்கு மகள் வயதுதான் இருக்கும். ஒரு வரிக்கு மேல் பேசமாட்டாள் என்பதால் கிரைண்டர்காரர்கள் அவளைச் சாமியாரம்மா என்று கிண்டல் செய்வார்கள். முதுகுக்குப் பின்னால் திட்டவும் செய்வார்கள்.

“மெஷின் உடம்புல கரண்ட் கசியுதுங்ணா.”

“இத்தனூண்டு கசிஞ்சா குடியா முழுகிப்போயிரும்? உங்க மீட்டர்லதான் ஏதோ கோளாறு.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆனால் மனுசனுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அடுத்த முகூர்த்தத்தில் மகள் தவமணிக்குக் கல்யாணம். கிரைண்டருக்கும் அவள் பேர்தான். முத்திரை ஒட்டிய முதல் மெஷின் அவள் சீரோடு வரும் என்று சம்பந்தி வீட்டில் வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. தேறும் முன்பே முத்திரை ஸ்டிக்கரையும் அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்.

“என்னதான் பண்ணோணும், சொல்லித் தொலைங்க. உங்களுக்குச் சிஷ்யனா வேணா சேர்ந்துக்கறேன்!”

இன்பவல்லி எழுந்தாள்.

“ஆட்டிக் காட்டுங்ணா.”

“எதை?”

“மாவை.”

இது என்ன கூத்து என்று அவருக்குத் தலை சுற்றியது. ஆனாலும் விடுவாரா? ஊறின அரிசி கேட்டார். அதெல்லாம் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்றாள். குடத்தைத் தூக்கிக் கோபத்தோடு ஊற்றினார். பாதி பாத்திரத்தில் விழுந்தது, பாதி தரையில் ஓடியது.

சுவிட்ச் பக்கம் போனவர் சட்டென்று நின்றார். விறுவிறுவென்று வாசலுக்குப் போய், வெளியே கழற்றி விட்டிருந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

“நில்லுங்ணா” என்றாள் இன்பவல்லி. “செருப்பு எதுக்குங்க?”

“தரை ஈரமா இருக்குதில்ல? வீட்டுலயும் அப்படித்தானுங்க. எங்க வீட்டுல மெஷினுக்குப் பக்கத்துலயே ஒரு ஜோடி கெடக்கும். அதப் போடாம தொட்டா சுள்ளுனு இழுக்கும்.”

இதுகூடத் தெரியாதா என்ற தோரணையில் சொன்னார்.

“கழட்டிக் குடுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். அவள் அதைக் கையில் வாங்கித் துடைத்தாள்.

“ஸ்டிக்கரு?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒருவழியாக மனசு இரங்கிவிட்டாள் என்று நினைத்து, அவசர அவசரமாக எடுத்துக் கொடுத்தார்.

அவள் ஒன்றை உரித்து இடது செருப்பில் ஒட்டினாள். இன்னொன்றை வலது செருப்பில்.

“இது தேறிருச்சுங்ணா. சீர்த்தட்டுல வெச்சு அனுப்புங்க.”

நாச்சிமுத்துவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

“சீர்த்தட்டுல செருப்பா? எம் பொண்ணு கல்யாணத்துலயா? என்ன பேச்சுப் பேசறீங்க!”

“மெஷினு போகுதில்லீங்களா?”

“போகுது! அதுக்கு?”

“அப்ப இதுவும் போகோணுமில்லீங்களா?”

சொல்லிவிட்டு, செருப்பைக் கிரைண்டர் மேல் வைத்தாள். அதன் நெற்றியில் தவமணி என்று பெரிதாக எழுதியிருந்தது.

நாச்சிமுத்து திட்டுவதற்கு வாயைத் திறந்தார். காலடியில் தண்ணீர் சில்லென்று இருந்தது. குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

பிறகு சின்னக் குரலில் கேட்டார்.

“அது எந்த எடத்துல கசியுதுங்க, அம்மிணி?”